மகன் ஓட்டிய விமானம் ரன்வேயில் மூக்கு உரசி நின்றது, பயிற்சியை நிறுத்திவிடலாமா?

கேள்வி: தம்பி, தென்னாப்பிரிக்கா டர்பனில் இருக்கிற சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 20 வயது, விமானம் ஓட்டப் படிக்கிறான். வீட்டு பாண்டை (வீட்டு அடமானக் கடனை) கூட்டி எடுத்துத்தான் பணம் கட்டிவருகிறோம். போன மாதம் ஒரு நாள் மதியம் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தைத் தனியாக ஓட்டியபோது, இறங்கும் நேரத்தில் விமானம் துள்ளித் துள்ளி, மூன்றாவது தடவை முன் சக்கரம் உடைந்து மூக்கு தரையில் உரசி நின்றது. முருகன் புண்ணியத்தில் அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. “75 நாட்ல வந்தேன், துள்ளினதும் மூக்கை அமுக்கினேன், அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியல” என்கிறான் (நாட் என்பது விமான வேகத்தின் அளவு). அதற்கு மேல் வாயே திறப்பதில்லை. பள்ளியில் இது மாணவன் தவறு என்று சொல்லி, இன்சூரன்ஸ் எக்ஸஸை (இன்சூரன்ஸ் கொடுக்காமல் நாமே கட்டும் பங்கை) நாங்கள் கட்ட வேண்டுமாம், ஒரு பேப்பரில் என் கையெழுத்தைக் கேட்கிறார்கள். தொகை ஏன் இவ்வளவு பெரிது என்று புரியவில்லை. விசாரணை என்றாலே பயமாக இருக்கிறது, எனக்குத் தூக்கமே இல்லை. அவன் அன்று காவடி விரதத்தில் இருந்தான், காலையில் ஒரு டம்ளர் பால் குடித்ததோடு சரி. விரதத்தில் பறந்த தோஷம்தான் என்கிறாள் என் நாத்தனார். அவன் அப்பாவோ போதும் நிறுத்து, அக்கவுண்டிங் படிக்கட்டும் என்கிறார். தப்பு அவன் மேலேயா? நிறுத்திவிடவா? பணம் கட்டவா?

பதில்:

அக்கா, அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் இது.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் மகனுக்கு 20 வயது, தென்னாப்பிரிக்கச் சட்டப்படி 18 ஆனாலே பெரியவன். பள்ளியோடு ஒப்பந்தம் போட்டது அவனா, நீங்களா? சேரும்போது நீங்கள் ஜாமீன் கையெழுத்து ஏதாவது போட்டீர்களா? போடவில்லை என்றால் அந்த எக்ஸஸுக்கும் உங்களுக்கும் இன்றைக்கு ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் அவர்கள் நீட்டுகிற பேப்பர் கடனை ஒப்புக்கொள்ளும் பத்திரமாக இருந்தால், அதில் கையெழுத்துப் போட்ட நிமிடம் சம்பந்தம் வந்துவிடும், அதுவும் வீட்டின் மேல் ஏற்கெனவே பாண்ட் இருக்கும்போது. அவன் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எக்ஸஸ் மாணவன் தலையில் என்று அதில் எங்கே, எந்த எழுத்தில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இந்த மாதிரி பொறுப்பை வாடிக்கையாளர் தலையில் கட்டுகிற நிபந்தனை எளிய மொழியில் இருக்க வேண்டும், கையெழுத்துக்கு முன்பே அவர் கவனத்துக்கும் கொண்டுவந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டுவிட்டு இப்போது விரல் நீட்டினால் அட்டர்னி (வழக்கறிஞர்) ஒருவர் அதைக் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. இன்சூரன்ஸ் பாலிசியில் மாணவ பைலட்டுக்கும் பாதுகாப்பு உண்டா, தொகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். எல்லாம் பார்த்தபிறகு அவன் கட்டித்தான் ஆக வேண்டும் என்று வந்தாலும், தவணை பேசலாம். நான் அட்டர்னி இல்லை, விமானம் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறவன். ஆனால் பயந்துபோன பெற்றோர் மறுநாளே பேனாவை எடுப்பதை நிறையப் பார்த்தாயிற்று.

தொகை ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு சக்கரம்தானே உடைந்தது என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற புரொப்பல்லர் தரையில் அடித்தால், அந்த அடி எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் வரைக்கும் போகும். வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் எஞ்சினைக் கழற்றி உள்ளே பார்க்காமல் மறுபடி பறக்கவிடக் கூடாது என்பது எஞ்சின் தயாரிப்பாளர் சொல்வது. செஸ்னா 172இல் மூக்குச் சக்கரம் பொருத்தியிருக்கும் இடம் எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கிற ஃபயர்வால். சக்கரம் பின்னால் மடங்கும்போது அந்தத் தகடும் நெளியும். ஆக செலவு என்று பார்த்தால் எஞ்சின், புரொப்பல்லர், ஃபயர்வால் மூன்றும். அந்த வகையில் பள்ளி பொய் சொல்லவில்லை.

சரி, இப்போது ரன்வேயில் நடந்ததற்கு வருவோம். நான் அங்கே இல்லை. ஆனால் “75 நாட், அமுக்கினேன்” என்ற இரண்டே சொல்லில் பையன் முக்கால்வாசி சொல்லிவிட்டான்.

172 வகை விமானத்தை முழு ஃபிளாப்ஸ் (இறக்கையின் பின்னோரத்தில் கீழே இறக்கும் மடல்கள்) போட்டு இறக்கும்போது 65 நாட் வாக்கில் வருவோம். 75 என்பது பத்து நாட்தானே என்று தோன்றும். வேகத்தின் வர்க்கத்தோடு ஆற்றல் கூடும் என்பதால் அந்தப் பத்து நாட்டில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் அதிகமாகிவிடுகிறது. அதை எங்காவது செலவழித்தாக வேண்டும், அதனால் விமானம் ரன்வேக்கு மேல் ஓரிரு அடி உயரத்தில் மிதந்துகொண்டே போகும். அதோடு அன்று பக்கத்து சீட்டில் இன்ஸ்ட்ரக்டர் இல்லை. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் கிலோ எடையுள்ள விமானத்தில் ஒரு ஆள் எடை குறைந்தாலே இறங்க இன்னும் அடம் பிடிக்கும். சோலோ, அதாவது தனியாகப் போகிற எல்லாரும் இதைக் கண்டு திகைப்பார்கள். மிதக்கிற விமானத்தைப் பொறுமையில்லாமல் கீழே வைக்கப் பார்த்தால் மூக்குச் சக்கரம் முதலில் தட்டும், தட்டியதும் மூக்கு மேலே எகிறும், இறக்கைக்கு இன்னும் தூக்கும் சக்தி மீதி இருப்பதால் விமானம் திரும்பவும் காற்றில்.

இதுவரைக்கும் விபத்து இல்லை. இதை உங்கள் கணவருக்கு நன்றாகப் புரியும்படி சொல்லுங்கள். துள்ளாத மாணவன் கிடையாது, துள்ளாத பைலட்டும் கிடையாது.

விபத்து அடுத்த நொடியில். கண்ணாடி முழுக்க வானம் தெரிகிறது, பயந்து யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை) முன்னால் தள்ளுகிறான். கை எப்போதும் விமானத்துக்கு அரை நொடி பின்தங்கித்தான் வரும். அவன் அமுக்குகிற நேரத்தில் விமானம் உச்சியைத் தாண்டித் தானாகவே இறங்கத் தொடங்கியிருக்கும். அமுக்கியதும் சேர்ந்துகொள்ள, மூக்குச் சக்கரம் முன்னைவிட பலமாக அடிக்கும். எகிறலும் பெரிதாகும். உடனே இழுக்கிறான், அதுவும் தாமதம். ஒவ்வொரு தடவையும் வேகம் குறைவதால் வால் இறக்கையின் பிடியும் குறைகிறது. மூன்றாவது அடியில் மூக்கு போவது அதனால்தான். பின் சக்கரங்கள் அடி வாங்குவதற்கென்றே செய்யப்பட்டவை, முன் சக்கரம் அப்படி இல்லை. முதல் துள்ளலில் இருந்து மூக்கு உரசும் வரை மொத்தமே சில நொடிகள், அதனால் “அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியல” என்று அவன் சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன்.

செய்திருக்க வேண்டியது என்ன? சின்னத் துள்ளல் என்றால் மூக்கை அதே நிலையில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பவர் கொடுத்து, தானாக உட்கார விட வேண்டும். பெரிய துள்ளல், அல்லது எது என்று தெரியவில்லை என்றால், எஞ்சின் பவரைக் கூட்டும் த்ராட்டிலை முழுசாகத் தள்ளி, வலது கால் ரடரை (வாலைத் திருப்பும் பெடலை) அழுத்தி, ஃபிளாப்ஸைப் படிப்படியாகத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட வேண்டும். இன்னொரு சர்க்யூட், அதாவது ரன்வேயைச் சுற்றி இன்னொரு வட்டம் வந்து இறங்கலாம், பெட்ரோல் இருக்கிறது, யாரும் துரத்தவில்லை. உங்கள் மகன் செய்த ஒரே காரியம், கெட்டுப்போன இறக்கத்தை அங்கேயே சரிசெய்யப் பார்த்தது. நல்ல பிள்ளைகள்தான் இதைச் செய்வார்கள், வீட்டிலும் பள்ளியிலும் ஆரம்பித்ததை முடி என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள்.

அப்படியானால் தப்பு அவனுடையதா? கை அவனுடையது, சோலோவில் அவன்தான் சட்டப்படி பைலட், அதை மறுக்க முடியாது. ஆனால் கெட்ட இறக்கத்தை விட்டுவிட்டு மேலே போவது இயல்பாக வராது, பயிற்சியால்தான் வரும். அது கைக்குப் பழகியதா என்று பார்த்து அனுப்ப வேண்டியவர் இன்ஸ்ட்ரக்டர். எனவே பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்வி யார் தப்பு என்பது இல்லை. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பயிற்சிக் கோப்பு இருக்கும், ஒவ்வொரு பறத்தலுக்கும் பிறகு என்ன செய்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அதில் 12, 13 எண்ணுள்ள பயிற்சிகள் ஏறுதல், சர்க்யூட், இறங்குதல். 14தான் முதல் சோலோ. 14க்கு முந்தைய பக்கங்களைப் புரட்டச் சொல்லுங்கள். கோ-அரவுண்ட் (இறங்காமல் மேலே போவது) என்று எத்தனை இடத்தில் இருக்கிறது? அதில் துள்ளியபிறகு மேலே போனது எத்தனை, உயரத்திலிருந்தே சாவகாசமாகப் போனது எத்தனை? இரண்டும் வேறு வேறு. அன்று காற்று என்ன வேகத்தில் இருந்தது, சோலோ மாணவனுக்கு அந்தப் பள்ளி வைத்திருக்கிற எல்லை என்ன, அனுப்பியவர் ரன்வேயைப் பார்த்துக்கொண்டு நின்றாரா? நம் டர்பன் பக்கம் கோடையில் காலை ஏழு மணிக்கு இருக்கிற காற்று மதியத்தில் இருக்காது, வடகிழக்கிலிருந்து பிடித்து வீசும், சில நாளில் சொல்லாமல் கொள்ளாமல் தென்மேற்குக்கு மாறியும் அடிக்கும். புதுசாகச் சோலோ போகிற பிள்ளையை மதியக் காற்றில் ஏன் அனுப்பினீர்கள் என்று மரியாதையாகவே கேட்கலாம். நல்ல பள்ளி என்றால் கோபப்படாமல் கோப்பைத் திறந்து காட்டும்.

எந்த விமானத்தளம், எந்தப் பள்ளி என்று நீங்கள் எழுதியிருந்ததை நான் வெட்டிவிட்டேன். ஒரு பக்கக் கதையை வைத்து யாரையும் இழுக்க வேண்டாம்.

விசாரணை பற்றி பயப்படுகிறீர்கள். புரொப்பல்லர் மட்டும் வளைந்திருந்தால் ஒருவேளை அது ‘விபத்து’ கணக்கில் வராது, ஃபயர்வால் வரை நெளிந்திருந்தால் விமானத்தின் கட்டமைப்பே பழுதானதாக எடுத்துக்கொண்டு விபத்தாகத்தான் பதிவார்கள். அந்த விசாரணையின் நோக்கம் குற்றவாளியைப் பிடிப்பது இல்லை, மறுபடி நடக்காமல் தடுப்பது. அறிக்கையிலேயே அப்படி அச்சடித்திருக்கும். சிவில் ஏவியேஷன் ஆணையத்தின் இணையதளத்தில் வருகிற அறிக்கைகளை நீங்களே படித்துப் பாருங்கள், விமானத்தின் பதிவெண் இருக்கும், பைலட்டின் வயதும் பறந்த மணிகளும் இருக்கும், பெயர் இருக்காது. அவனிடம் எழுத்தில் வாக்குமூலம் கேட்பார்கள். அதை அவன் தன் வார்த்தையில் எழுதட்டும்: எந்த வேகம், எங்கே தொட்டது, கை என்ன செய்தது. யாரோ எழுதிக் கொடுத்த “மாணவன் தவறு” என்ற வரியில் கையெழுத்துப் போட வேண்டாம், தெரியாததைத் தெரியாது என்றே எழுதட்டும். நாளைக்கு ஏர்லைனில் வேலைக்குப் போனால் விபத்து ஏதும் உண்டா என்று கேட்பார்கள், உண்டு என்று சொல்லி அதிலிருந்து என்ன கற்றான் என்று சொல்கிற பையனைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மறைக்கிறவனைப் பற்றித்தான் கவலை.

விரத விஷயம். உங்கள் நாத்தனார் சொன்னதில் தோஷத்தை நீக்கிவிட்டால் மீதி ஒன்று இருக்கிறது, அதை நான் லேசாக எடுக்க மாட்டேன். ஒரு டம்ளர் பாலோடு, தை மாத டர்பன் புழுக்கத்தில், ஏசி இல்லாத சின்ன கேபினில் மதியம் வரைக்கும். தார் மேல் நிற்கிற 172இன் கதவைத் திறந்தாலே முகத்தில் சூடு அடிக்கும், ஏறி உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரும் சாப்பாடும் குறைந்தால் முதலில் மந்தமாவது யோசனை, அவனுக்குத் தேவைப்பட்டதோ அந்த அரை நொடி. விபத்துக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, வயிறு நிறையச் சாப்பிட்டவனும் யோக்கை அமுக்குவான். ஆனால் பறக்கும் முன் உடம்பு சரியா, மருந்து ஏதும் உண்டா, தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ள ஒவ்வொரு மாணவனுக்கும் சொல்லித் தருகிறோம். விரதத்தில் இருக்கிற மாணவன் அதை இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்ல வேண்டும். இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு தயக்கம் உண்டு, வெள்ளைக்கார இன்ஸ்ட்ரக்டரிடம் காவடி என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் விளக்க வேண்டியிருக்கும் என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். விளக்க வேண்டியதில்லை, “இன்னிக்கு விரதம், சரியா சாப்பிடல” போதும். விரதம் இருக்கிற அந்தப் பத்து நாளும் பறக்காமல் தியரி படிக்கலாம். காவடி எடுப்பதை நிறுத்தச் சொல்ல நான் யார்? நானும் எடுக்கிறவன்தான்.

இன்னொன்று, அவன் தூங்குகிறானா? உங்கள் தூக்கத்தை எழுதினீர்கள், அவனுடையதை எழுதவில்லை. காயம் இல்லை என்றாலும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள், அந்த மாதிரி அடியில் முதுகு வலி சில நாள் கழித்துக்கூடத் தெரியவரும். படபடப்புக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை எழுதிக் கொடுத்தால், பறக்கும் முன் அவனுக்கு மெடிக்கல் சான்றிதழ் கொடுத்த விமான மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். அப்படிப்பட்ட சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது. வீட்டில் இருக்கிற யாருடைய மாத்திரையையும் பாவம் என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

நிறுத்தலாமா? இதை முடிவு செய்ய இப்போது உங்கள் யாரிடமும் தகவல் இல்லை அக்கா, அவனிடமும் இல்லை. பயத்தில் எடுக்கிற முடிவும் ரோஷத்தில் எடுக்கிற முடிவும் ஒன்றுதான். இரண்டு மூன்று தடவை வேறு ஒரு இன்ஸ்ட்ரக்டரோடு, அதுவும் காலை ஏழு மணிக் காற்றில், அவன் போய் வரட்டும். முதல் நாள் இறங்கவே வேண்டாம். ரன்வேக்கு மேல் ஒரு ஆள் உயரத்தில் கடைசி வரை பறந்து, த்ராட்டிலைத் தள்ளி மேலே போவது, திரும்ப வந்து அதையே செய்வது, அவனுக்கே சலித்துப்போகிற வரைக்கும். மேலே போவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பது கைக்குத் தெரிந்த பிறகு இறக்கம் தானாகச் சரியாகும். எல்லாமே அவன் பழகிய இடத்தில் நடக்கட்டும். மாறுதலுக்காக பீட்டர்மாரிட்ஸ்பர்க் கூட்டிப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது கடல்மட்டத்திலிருந்து 2,400 அடிக்கு மேல், அங்கே ரன்வே கண்ணுக்கு வேகமாக ஓடும், இப்போதைக்கு அந்தக் குழப்பம் தேவையில்லை.

அதற்குப் பிறகு அவன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அக்கவுண்டிங் ஒன்றும் தண்டனை இல்லை. வேண்டும் என்றால் அப்பாவிடம் கணக்கைச் சொல்லட்டும். தனியார் லைசென்ஸுக்கு குறைந்தது 45 மணி, கமர்ஷியலுக்கு 200 மணி, அதற்கு மேல் வேலை கிடைக்கும் வரை காத்திருப்பு. என் வயதுக்காரர்கள் டர்பனின் பழைய லூயி போத்தா விமான நிலையத்தின் வேலிக்கு இந்தப் பக்கம் இசிபிங்கோவில் நின்று விமானம் பார்த்தவர்கள், அந்தக் காலத்தில் நம் நிறத்துப் பையன் காக்பிட் பற்றி வாய் திறந்தால் சிரிப்பார்கள். அதனாலேயே இப்போது சில அப்பா அம்மா தங்கள் ஏக்கத்தையும் சேர்த்துப் பிள்ளையின் சீட்டில் ஏற்றிவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் இது யாருடைய ஆசை என்று மட்டும், நாத்தனார் இல்லாத நேரமாகப் பார்த்து அவனிடம் கேளுங்கள்.

தொடர்வது என்று முடிவானால், அதே பள்ளியோ வேறு பள்ளியோ, மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். பாண்டில் மீதி இருக்கிற தொகை உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும், பறந்த மணிக்கு மட்டும் கட்டுங்கள். பள்ளி மாறினால் லாக்புக்கும் (பறந்த மணிகளைப் பதியும் புத்தகமும்) பயிற்சிக் கோப்பின் நகலும் கையில் வந்தபிறகே கணக்கை முடிக்கச் சொல்லுங்கள், புது இன்ஸ்ட்ரக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.